இலையில் ஓட்டை விழட்டும்

காலை வெயில் ஏறிய பிறகு கறிவேப்பிலைச் செடியருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் கருத்த வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து செடியைச் சுற்றும். செடியில் பூ இருக்காது. இருந்தாலும் அதற்கு அது பொருட்டில்லை. சிறகடிப்பை நிறுத்தாமலே துளிர் இலை ஒன்றில் நொடிப்பொழுது உட்கார்ந்து, முன்னங்கால்களால் இலையைப் படபடவெனத் தட்டும். எழும்பி இன்னொரு இலைக்குப் போய் மறுபடி தட்டும். அந்தக் கால்களின் நுனியில் சுவையறியும் நுண்மயிர்கள் இருக்கின்றன. இலையின் மேற்பரப்பில் உள்ள வேதிப்பொருள்களை அவற்றால் அது ருசி பார்க்கிறது. ருசி ஒத்துவந்தால் வயிற்று நுனியை வளைத்து, கடுகளவு மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விடும்.

சில நாட்களில் முட்டை பொரியும். வெளிவரும் புழு பார்வைக்குப் பறவை எச்சம்தான்: பழுப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் பூச்சு. குருவி பார்த்தாலும் ஒதுங்கிப் போகும். நான்கு முறை தோலுரித்த பிறகு திடீரென்று இலைப்பச்சைக்கு மாறிவிடும். அந்தக் கட்டத்தில் அதன் பசி பெரும்பசி. ஒரு கொத்தை ஒரே பகலில் நரம்பு மட்டும் மிச்சமாகத் தின்றுவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு ஒன்றை நீட்டி, மூக்கைத் துளைக்கும் வாடையை வீசும். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பூச்சியின் கதை இங்கேதான் முடிகிறது. "செடியை எல்லாம் புழு தின்னுது" என்று மருந்து வந்துவிடும். அதே வீட்டில், பட்டாம்பூச்சி வருவதற்காக நர்சரியில் வாங்கிய நாலைந்து பூத்தொட்டிகளும் வாசலில் இருக்கும்.

"வண்ணத்துப்பூச்சி வர என்ன பூச்செடி வைக்கலாம்?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. கேள்வியில் பாதிதான் இருக்கிறது. பூந்தேன் வழிப்போக்கருக்குப் போடும் சத்திரச் சாப்பாடு. குடும்பம் நடத்த இலை வேண்டும். வளர்ந்த பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும், அது மெக்சிகோவிலிருந்து வந்த பூவாக இருந்தாலும் சரி. புழுவுக்கு அந்தச் சலுகை இல்லை. தாய் எந்த இலையில் விட்டுப் போனதோ அதைத்தான் அது தின்றாக வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில செடிகளின் இலையை மட்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? செடி ஓடமுடியாது. ஆகவே நஞ்சு செய்கிறது. பால், பிசின், காரம், கசப்பு என்று நாம் மருந்தாகவும் மசாலாவாகவும் எடுத்துக்கொள்ளும் பலவும் பூச்சியை விரட்டச் செடி தயாரித்தவை. எந்தப் பூச்சியினம் ஒரு செடியின் நஞ்சைச் சமாளிக்கப் பழகியதோ அதற்கு அந்தச் செடி போட்டியில்லாத சோறு. செடி புதிய நஞ்சை உருவாக்கும், பூச்சி அதையும் தாண்டும். தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்த மல்லுக்கட்டை 1964இல் பால் எர்லிச், பீட்டர் ரேவன் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள், வண்ணத்துப்பூச்சிகளையும் அவற்றின் தீனிச்செடிகளையும் வரிசைப்படுத்தி விளக்கினார்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம், விளா எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பம். எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி இவற்றில் எதில் வேண்டுமானாலும் முட்டையிடும்; பக்கத்திலேயே நிற்கும் குரோட்டன்ஸ் செடியைக் காலால் ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விடும். கால் தேடுவது அந்தக் குடும்பத்தின் ருசியை.

ருசி ஏமாற்றுவதும் உண்டு. கிழக்கு ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழு அங்குள்ள காட்டுக்கொடி ஒன்றைத் தின்று வளர்வது. தோட்டங்களில் அழகுக்காக நட்ட தென் அமெரிக்கக் கொடி ஒன்று அந்தக் காட்டுக்கொடிக்கு உறவுமுறை. மணம் ஒத்துப்போகவே தாய்ப்பூச்சி அதில் முட்டையிட்டது. இலையைத் தின்ற புழுக்கள் செத்தன. காடழிப்போடு இதுவும் சேர்ந்துகொண்டதில் அந்த இனம் குறைந்துபோனது. பிறகு பள்ளிப் பிள்ளைகளும் வீட்டுத் தோட்டக்காரர்களும் சேர்ந்து, அந்நியக் கொடியைப் பிடுங்கி, மண்ணின் கொடியைத் தேடித் தேடி நட்டார்கள்.

அந்தக் கொடிக்கு நம் ஊரில் ஓர் உறவு உண்டு: ஆடுதின்னாப்பாளை. வேலியோரத்தில் யாரும் கவனிக்காமல் படரும் மெல்லிய கொடி. இதன் இலையில் உள்ள அமிலம் மனிதச் சிறுநீரகத்தையே கெடுக்கும் கொடிய நஞ்சு. நாட்டு மருந்தென்று யாரும் வாயில் வைக்கவேண்டாம். ரோஜா அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த நஞ்சை உணவோடு உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பிறகும் நஞ்சு உடம்பில் தங்கியிருக்கும். கருஞ்சிறகு, அதில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் குங்குமச் சிவப்புப் புள்ளிகள், சிவந்த உடம்பு: "என்னைத் தின்னாதே" என்று பறவைகளுக்குச் சொல்லும் உடுப்பு அது. ஒருமுறை கடித்துத் துப்பிய பறவை மறுமுறை தொடாது.

இங்கேதான் நம் கறிவேப்பிலைச் செடி மறுபடி வருகிறது. அதில் முட்டையிட்டுப் போன கருத்த பூச்சியின் பெயர் கறிவேப்பிலை அழகி. அதன் உடம்பில் நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒருவகை, ரோஜா அழகியைப் போலவே உடுத்திக்கொண்டு திரியும். இன்னொரு வகை, ரோஜா அழகியின் நெருங்கிய உறவான மற்றொரு நச்சுப் பூச்சியைப் போல இருக்கும். மூன்றாவது வகை ஆணைப் போலவே இருக்கும். ஆண்கள் எல்லாம் ஒரே தோற்றம். வேடம் போட்டதைக் கண்டுபிடிக்க எளிய வழி உடம்பைப் பார்ப்பது: அசலுக்குச் சிவப்பு, போலிக்குக் கருப்பு. இத்தனை நுணுக்கமான வேடமாற்றத்தை டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுவின் வேறுபட்ட வடிவங்களே தீர்மானிக்கின்றன என்று, பெங்களூரின் கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2014இல் நேச்சர் இதழில் காட்டினார்கள்.

வேடம் பலிக்க வேண்டுமானால் அசல் ஊரில் இருக்க வேண்டும். ரோஜா அழகியைக் கடித்துப் பாடம் படித்த பறவைகள் இருந்தால்தான் போலியைக் கண்டு அவை ஒதுங்கும். வேலியை எடுத்துவிட்டுக் காம்பவுண்டு சுவர் கட்டியபோது ஆடுதின்னாப்பாளை போனது. கொடி போன தெருவில் ரோஜா அழகி குடும்பம் நடத்த முடியாது. அது போனால் நம் வீட்டுக் கறிவேப்பிலையில் பிறந்த பெண்பூச்சியின் சட்டைக்கு மதிப்பில்லை. நம் ஊர்ச் செடி என்று அழுத்திச் சொல்வது இந்தப் பிணைப்புக்காகத்தான். ஒரு கொடியைப் பிடுங்கும்போது எது எது அறுகிறது என்பது பிடுங்குகிற கைக்குத் தெரிவதில்லை.

எருக்கு இன்னொரு பாடம். காலிமனையில், தண்டவாள ஓரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளரும் செடி. வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிக்கு இதுதான் முதன்மையான வீடு. எருக்கம்பால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு, போதாக்குறைக்குப் பசை. சின்னப் புழுவின் வாயை ஒட்டிவிடும். புழு என்ன செய்கிறது தெரியுமா? தின்னத் தொடங்கும் முன் இலை நரம்பைக் கடித்து வெட்டி விடுகிறது. வெட்டிய இடத்தில் பால் கசிந்து வழிந்தோட, வெட்டுக்கு அப்பால் உள்ள இலைப்பகுதிக்குப் பால் போவது நின்றுவிடும். அந்தப் பகுதியைத்தான் நிதானமாகத் தின்னும். அரளியையும் நன்னாரியையும் தின்னும் வெண்புள்ளிக் கருப்பன் புழுவும் இதே வேலையைச் செய்யும். அரளிச் செடியில் ஓர் இலை மட்டும் காம்பருகே மடங்கித் தொங்கினால் அடியில் குனிந்து பாருங்கள், கருப்புக் கொம்புகளோடு ஒன்று உட்கார்ந்திருக்கக்கூடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதை வளர்க்க வேண்டாம். தெருமுனைக் காலிமனையில் தானாக நிற்பதை வெட்டாமல் விட்டாலே போதும்.

புழுக்கள் எல்லாமே பட்டாம்பூச்சியாகப் போவதில்லை. நூறு முட்டையில் சிறகு முளைப்பது மிகச் சில. முட்டைக்குள்ளேயே முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத குளவி, புழுவைத் தூக்கிப் போகும் குளவி, சிலந்தி, ஓணான், தையல்சிட்டு என எல்லோருக்கும் பங்கு உண்டு. இதை இழப்பென்று நினைக்கக்கூடாது. தோட்டத்தில் பறவை இருப்பதே இதனால்தான். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தேன் குடிக்கும் தேன்சிட்டும் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியையும் சிலந்தியையும்தான். தானியத்தை மட்டும் வைத்துக் குருவிக்கூடு மாட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகர வீட்டுத் தோட்டங்களில் சிக்கடி என்ற சின்னஞ்சிறு பறவையை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. தோட்டத்துத் தாவரப் பொருளில் சுமார் 70 விழுக்காடாவது மண்ணின் மரஞ்செடிகளாக இருந்தால்தான் அந்தப் பறவை தன் எண்ணிக்கையைத் தக்கவைக்கும். அதற்குக் கீழே போனால் பிறப்பு இறப்பை ஈடுகட்டாது என்பது முடிவு. அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. காரணம் மட்டும் இங்கும் அதேதான்: அந்நிய மரத்தில் புழு குறைவு. "பூச்சியே வராது சார்" என்று நர்சரியில் சொல்லி விற்கும்போது, குருவியும் வராது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேனீக்களின் கணக்கு வேறு. அவற்றுக்குப் பூதான் எல்லாம். ஆனால் எந்தப் பூ, யாருக்கு என்பதில் விஷயம் இருக்கிறது. ஆவாரம்பூவை எடுத்துக்கொள்வோம். வறண்ட சாலையோரத்தில் ஆண்டில் பல மாதம் மஞ்சளாய்ச் சிரிக்கும் அந்தப் பூவில் தேன் துளியும் இல்லை. தருவது மகரந்தம் மட்டும், அதையும் எளிதில் தராது. மகரந்தப்பை வெடித்துத் திறக்காது; நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் தூள் வெளியே வரவேண்டும். வீட்டுச் சன்னலில் முட்டிக்கொள்ளும் பெரிய கருவண்டு, உண்மையில் ஒரு தேனீ, இந்தப் பூவை அணைத்துப் பிடித்துச் சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். உர்ர்ரென்ற ஒலி பறக்கும் ரீங்காரத்தைவிடக் கூர்மையாகக் கேட்கும். அந்த அதிர்வில் தூள் துளை வழியே பீறிடும். நடுவில் உள்ள கேசரங்களின் தூளை அது குஞ்சுகளுக்கு எடுத்துக்கொள்ள, கீழே நீண்டு வளைந்த பெரிய கேசரங்களின் தூள் அதன் உடம்பில் அப்பிக்கொள்கிறது, அடுத்த பூவின் சூலகமுடி எங்கே படுமோ சரியாக அங்கே.

தக்காளிக்கும் கத்தரிக்கும் இதே துளைதான். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த அதிர்வுக் கலை தெரியாது. மாடித்தோட்டத்தில் கத்தரி நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்று வருந்துகிறவர்கள், இந்தக் கருந்தேனீக்கும் நீலக்கோடு போட்ட அதன் சின்ன உறவுக்கும் வீடு இருக்கிறதா என்று பார்க்கலாம். கருந்தேனீ காய்ந்த மூங்கிலிலும் பட்ட மரக்கிளையிலும் துளை போட்டுக் குடியிருக்கும். நீலக்கோட்டுத் தேனீ மண்ணில் வளை தோண்டும். அதன் ஆண்கள் மாலையானால் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பான்மை கூட்டமாக வாழாமல் தனித்து, மண்ணுக்குள் முட்டையிடுபவை. வீட்டைச் சுற்றி ஓர் அடி விடாமல் சிமெண்டும் டைல்ஸும் போட்டுவிட்டுத் தேனீ அழிகிறதே என்று கவலைப்படுவதில் பயனில்லை. வெயில் படும் இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி வெறும் மண்ணை விட்டுவைப்பது, தேன்பெட்டி வாங்குவதைவிட அவற்றுக்கு அதிகம் உதவும்.

பூ வாங்கும்போது ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: அடுக்குப் பூவா, ஒற்றைப் பூவா? அடுக்குச் செம்பருத்தியிலும் அடுக்கு நந்தியாவட்டையிலும் கேசரங்கள் இதழ்களாக மாறிப்போயிருக்கும். தேனீக்கு அங்கே வேலையில்லை. ஒற்றை நந்தியாவட்டை வையுங்கள். இலையைத் தின்ன, தலையருகே இரண்டு பெரிய நீலக் கண்புள்ளிகளோடு விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று வரும். அது இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சியின் பிள்ளை. அதன் இனத்தார்தான் மரமல்லி போல இரவில் விரியும் நீண்ட குழல்பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவர்கள்.

அந்நியச் செடி எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வெட்டுக்காயப் பூண்டு மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊரின் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் பாதி அதன் தேனில்தான் பிழைக்கின்றன. ஆமணக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, இங்கே புழு வளர்க்கிறது. ஆனால் உண்ணிச்செடி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பட்டாம்பூச்சி மொய்க்கிறது என்பதற்காக அதை இன்றும் நர்சரியில் விற்கிறார்கள். அழகுக்காகக் கொண்டுவந்த இந்தச் செடி, இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப்பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பரவிவிட்டதாக 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மான் மேயும் புல்லை மூடிக்கொண்டு நிற்பது இதுதான். பழத்தைத் தின்னும் குருவி விதையைக் காட்டுக்குச் சுமந்து போகிறது. தேனுக்கு வேறு செடிகள் இருக்கின்றன: தும்பை, நொச்சி, துளசி, ஆடாதோடை.

இன்னொரு அதிசயச் செடி கிலுகிலுப்பை. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மேற்கு மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் திரும்ப மேற்கேயும் வரியன்களும் கருப்பன்களும் ஆயிரக்கணக்கில் பறந்து போவதைச் சேலம், ஈரோடு, கோவைப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் ஆண்கள் வாடிய கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் கண்டால் இறங்கிவிடும். பூவுக்காக அல்ல, காய்ந்த தண்டையும் இலையையும் சுரண்டி உறிஞ்சும். அதிலுள்ள காரப்பொருளிலிருந்துதான் பெண்ணைக் கவரும் மணத்தை அவை தயாரிக்கின்றன. வாடிய செடியைப் பிடுங்கிக் குப்பையில் போடாதீர்கள். மூலையில் கட்டித் தொங்கவிடுங்கள், வந்து மொய்க்கும்.

எல்லாவற்றையும் வீட்டுக்கு அழைத்துவிட முடியாது. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைக்காட்டுப் பூச்சி. அதன் புழுவுக்கு மரவெட்டி மரம் வேண்டும். அதைக் காப்பாற்றுவது காட்டைக் காப்பாற்றுவதுதான், நம் தொட்டியால் ஆகாது. சமவெளியில் இருக்கிறவர்களுக்குச் சமவெளியின் செடிகள் உண்டு. எவை என்று தெரிய வேண்டுமானால் பக்கத்துக் கோயில்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். கடற்கரை மாவட்டங்களில் பழைய உலர்காட்டின் மிச்சம் பல இடங்களில் அங்குதான் இருக்கிறது. முள்வேலியாகச் சங்கஞ்செடியும் ஆதொண்டையும் நட்டால், வெள்ளையிலும் மஞ்சளிலும் சிறகுமுனையில் செம்மஞ்சள் தீட்டியது போலவும் அரை டஜன் இனங்கள் வரும். ஸ்ரீரங்கம் மேலணைக்காட்டில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் புழுக்களின் தீனிச்செடிகளைத் தேனுக்கான செடிகளோடு சேர்த்தே வளர்க்கிறார்கள். ஒருநாள் போனால் செடிகளை நேரில் அடையாளம் கண்டு வரலாம்.

மாடியில் நாலு குரோ பேக் மட்டும்தான் என்றாலும் வழி உண்டு. கறிவேப்பிலை இரண்டு வையுங்கள், ஒன்று குழம்புக்கு, ஒன்று புழுவுக்கு. சமையல் செடியில் புழுவைப் பார்த்தால் இலையோடு கிள்ளி மற்றதில் விட்டால் போதும். மொட்டையான செடி பயப்பட வைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் புதுத் துளிர் விட்டுவிடும். ஒரு தட்டில் பருப்புக்கீரை போடுங்கள். வெந்தய வரியனைப் போல வேடம் போடும் இன்னொரு பூச்சியின் பெண் அதில் முட்டையிடும். கொத்தமல்லியில் கொஞ்சத்தைப் பூக்க விடுங்கள். தேனீ போல வரிபோட்டு அந்தரத்தில் நிற்கும் ஈக்கள் வரும், அவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்று தீர்க்கும். வேப்பெண்ணெய் இயற்கை மருந்துதான், ஆனாலும் புழுவுக்கு அதுவும் மருந்தே. இந்தச் செடிகளில் அடிக்க வேண்டாம். நர்சரியில் வாங்கிய செடியில் ஏற்கெனவே மருந்து அடித்திருக்கலாம், புதுத்துளிர் வரும்வரை பொறுத்திருங்கள்.

ஆவாரை, சரக்கொன்றை விதைகளுக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் முளைக்காது. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஆறும்வரை விட்டு, ஓரிரவு ஊறவைத்து விதைக்க வேண்டும்; அல்லது ஒரு முனையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிடலாம். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆடுதின்னாப்பாளை நர்சரியில் அரிதாகவே கிடைக்கும். வேலியில் காய் முற்றி, சிறு குடை போலத் தலைகீழாக விரிந்து தொங்கும்போது விதை எடுங்கள். காயில் பாதியைக் கொடியிலேயே விட்டுவிடுங்கள்.